வாடகையும் வழித்தூரமும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவி)

முன்னுரை

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பார் என்று அவர்கள் சொல்லி வைக்கவில்லை. அந்நாளில் பிறந்த ஊரே பிழைக்கும் ஊராகவும் இருந்தது. காடும் கழனியும் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தன. இன்றோ தந்தை ஓர் ஊரில் வேலை பார்க்கிறார், தாய் வேறோர் ஊரில் உழைக்கிறார், பிள்ளைகள் மூன்றாவது ஊரில் படிக்கிறார்கள். இவர்கள் அனைவரும் இரவில் வந்து சேர வேண்டிய வீடு எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பது சிறிய கேள்வி அன்று. பொருளியல் பயிலும் மாணவியாகிய நான், என் சொந்தக் குடும்பத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அக்கேள்வியை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

நாங்கள் நால்வர். தந்தையார் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. தாயார் தளவாய்புரத்தில் ஒரு தையற்கூடத்தில் நைட்டி தைக்கிறார். தம்பி உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். நான் நம் கல்லூரிக்கு வருகிறேன். இராஜபாளையத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். நான் முதலாம் ஆண்டில் சேரவிருந்த சித்திரை மாதத்தில், தம் மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால் வீடு வேண்டும் என்று வீட்டுக்காரர் கூறிவிட்டார். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற்றமாட்டார்கள். ஆகவே இரண்டே மாதத்தில் வேறு வீடு பார்க்க வேண்டியிருந்தது.

சேத்தூரில் இருக்கும் அத்தை அங்கே ஒரு வீடு பார்த்துச் சொன்னார். இராஜபாளையத்தில் 6000 ரூபாய் கேட்ட அளவுள்ள வீடு அங்கே 3500 ரூபாய்க்குக் கிடைத்தது. "மாசம் 2500 மிச்சம். பத்துக் கிலோமீட்டர்தானே, பஸ்ஸுல ஏறினா வந்துரலாம்" என்றார் அப்பா. வைகாசியில் பால் காய்ச்சிக் குடியேறினோம். அந்தப் 'பத்துக் கிலோமீட்டர்தானே' என்ற சொல்லைத்தான் இரண்டு ஆண்டுகளாக நாங்கள் அளந்துகொண்டிருக்கிறோம்.

ஒரே சாலையில் மூன்று ஊர்கள்

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தென்காசி, கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சேத்தூர் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர். அங்கிருந்து சேத்தூர் சுமார் 10 கிலோமீட்டர். மேற்கே மூன்று ஊர்களுக்கும் ஒரே மலைத்தொடர். ஆனால் மூன்றும் மூன்று வகை ஊர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் நகரம். ஆண்டாள் கோயிலும், தேரும், பால்கோவாவும் அதன் அடையாளங்கள். இராஜபாளையம் தொழில் நகரம். 1936-ஆம் ஆண்டில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன்பின் நூற்பாலைகள் பெருகின. மருத்துவமனைகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணியும் இவ்வூரில் நெய்யப்படுகிறது. சேத்தூரோ பழைய ஜமீன் ஊர். இன்று ஒரு பேரூராட்சி. வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்தது. அதன் பக்கத்து ஊர்களான தளவாய்புரமும் செட்டியார்பட்டியும் ஆயத்த ஆடைக்கு, சிறப்பாக நைட்டிக்கு, பெயர் பெற்றவை.

இரயில் பாதையைக் கவனித்தால் வேறொரு செய்தி புலப்படும். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-இல் இரயில் பாதை திறக்கப்பட்டது. மீட்டர் பாதையாக இருந்த அது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப் பாதையாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் தொட்டு வரும் அப்பாதை, அதன்பின் மலையடிவாரச் சாலையை விட்டுக் கிழக்கே ஒதுங்கிச் சங்கரன்கோவில் வழியாகச் செல்கிறது. ஆகவே சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி ஆகிய ஊர்களுக்கு இரயில் நிலையம் வாய்க்கவில்லை. இவ்வூர் மக்களுக்குப் போக்குவரத்து என்றால் பேருந்துதான்.

இரயில் ஓர் ஊரின் வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சென்னை நல்ல சான்று. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய இடங்களில் குடியிருந்துகொண்டு நகரத்தில் வேலை பார்ப்பது எளிதாயிற்று. சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தை வேகம் மட்டுமே சுருக்கிவிடவில்லை. ஒரு வண்டியைத் தவறவிட்டால் சிறிது நேரத்தில் அடுத்த வண்டி வரும் என்ற நம்பிக்கையே அதைச் சுருக்கியது. இக்கருத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

பொருளியல் அறிஞர் கூறுவது

ஊரைவிட்டு விலக விலக வாடகை குறைவது ஏன்? இக்கேள்விக்கு முதன்முதலில் ஒழுங்கான விடை கூறியவர் ஜெர்மானிய நிலக்கிழார் ஃபான் தூனென். 1826-இல் வெளியிட்ட தம் நூலில், நடுவில் ஒரு நகரமும் அதைச் சுற்றிலும் ஒரே தன்மையான சமவெளியும் உள்ள நாட்டை அவர் கற்பனை செய்தார். நகரச் சந்தைக்குப் பொருளைக் கொண்டு சேர்க்கும் செலவு தூரத்தோடு கூடும். அச்செலவு கூடக்கூட, நிலத்துக்குக் கொடுக்கக்கூடிய வாரம் குறையும் என்று அவர் காட்டினார். 1964-இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் வில்லியம் அலோன்சோ இதே கருத்தைக் குடியிருப்பு வீடுகளுக்குப் பொருத்தினார். மனிதன் தன் வருவாயை வாடகைக்கும் பயணத்துக்கும் பிற செலவுக்கும் பங்கிடுகிறான். நகரின் நடுவில் இருப்பவன் வாடகையாகக் கொடுப்பதை, விளிம்பில் இருப்பவன் பயணமாகக் கொடுக்கிறான். சுருங்கச் சொன்னால், வாடகையும் வழித்தூரமும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

1994-இல் இத்தாலிய அறிஞர் சேசரே மார்க்கெட்டி இன்னொரு கருத்தை முன்வைத்தார். கால்நடைக் காலமாயினும் மோட்டார்க் காலமாயினும், மனிதர் ஒரு நாளில் பயணத்துக்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணி அளவே என்பது அவர் கூற்று. பழைய மதில் நகரங்களின் குறுக்களவு 5 கிலோமீட்டரைத் தாண்டாததற்கு அவர் காட்டும் காரணம் எளியது: மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவன் நடுவிலிருந்து விளிம்புக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும்.

இக்கோட்பாடுகள் பயனுள்ளவையே. எனினும், எளிமை கருதி இவை குடும்பத்தில் ஒருவரே வேலைக்குச் செல்வதாகவும், எல்லோரும் ஒரே மையத்துக்குப் போவதாகவும் கொள்கின்றன. எங்கள் வீட்டில் மையம் மூன்று. எங்கள் குடும்பம் இராஜபாளையத்தைவிட்டு விலகியபோது அப்பாவுக்கும் எனக்கும் தூரம் கூடியது. தளவாய்புரம் செல்லும் அம்மாவுக்கோ தூரம் குறைந்தது. ஆக, ஓர் ஊர் 'பக்கம்' என்றோ 'தூரம்' என்றோ சொல்வதற்கு முன், யாருக்கு என்று கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு

முதலாம் ஆண்டில் முதல் மணி வகுப்புக்கு நான் அடிக்கடி பிந்தினேன். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும். ஒருநாள் பேராசிரியர் ஒருவர், "ஏம்மா, பக்கத்து ஊர்தானே? இன்னும் கொஞ்சம் முன்னால் கிளம்பக் கூடாதா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை ஒரு நோட்டை எடுத்து, வீட்டுப்படி இறங்கிய நேரம், பேருந்து நிறுத்தம் சேர்ந்த நேரம், பேருந்து வந்த நேரம், இராஜபாளையத்தில் இறங்கிய நேரம், அடுத்த பேருந்து ஏறிய நேரம், வகுப்பில் நுழைந்த நேரம் ஆகிய ஆறையும் குறிக்கத் தொடங்கினேன். அப்பாவையும் அம்மாவையும் கேட்டு அவர்கள் நேரத்தையும் எழுதினேன். ஒரு மாத முடிவில் கிடைத்த கணக்கை முழு எண்களாக்கித் தருகிறேன். இது ஒரு குடும்பத்தின் கணக்கே தவிர, ஊரின் கணக்கு அன்று.

வாடகையில் மிச்சம் 2500 ரூபாய். எனக்கு மாணவர் இலவசப் பயண அட்டை உண்டு. அம்மாவுக்குக் கட்டணம் இல்லை. சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் 2021 மே மாதத்தில் தொடங்கப்பட்டது. தம்பி சேத்தூரிலேயே பள்ளியில் சேர்ந்துவிட்டான். ஆகவே பயணச்செலவு அப்பாவுக்கு மட்டுமே. நாளுக்குப் போகவர 25 ரூபாய், 26 நாளுக்கு 650 ரூபாய். அதைக் கழித்தால் கையில் நிற்பது 1850 ரூபாய். இதுவரை அப்பாவின் கணக்கு சரியே.

இனி நேரம். இராஜபாளையத்தில் இருந்தபோது ஆனதைவிட எனக்கு நாளுக்கு 2 மணி நேரம் கூடுதல். 22 நாளுக்கு 44 மணி. அப்பாவுக்கு ஒன்றரை மணி கூடுதல். 26 நாளுக்கு 39 மணி. அம்மாவுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். 24 நாளுக்கு 24 மணி. கூட்டிக் கழித்தால் குடும்பம் மாதத்துக்கு 59 மணி நேரத்தை இழக்கிறது. 1850 ரூபாயை 59-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 31 ரூபாய். அதாவது, எங்கள் வீட்டாரின் நேரத்தை மணிக்கு 31 ரூபாய் வீதம் விற்றுத்தான் அந்த மிச்சத்தைப் பெற்றிருந்தோம். விற்றது யார் நேரம் என்று பார்த்தால், பெரும்பகுதி என் படிப்பு நேரமும் அப்பாவின் தூக்கமும் ஆகும்.

இக்கணக்கை வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "வாடகை மாசத்துக்கு ஒருக்கா குடுக்கிறது. தூரத்தத் தெனமும்ல குடுக்க வேண்டியிருக்கு" என்றார். என் கட்டுரை முழுவதையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

காத்திருத்தலின் கணிதம்

நோட்டைப் புரட்டியபோது வியப்பான ஒன்று தெரிந்தது. பேருந்துக்குள் அமர்ந்தோ நின்றோ நான் கழித்த நேரத்தைவிட, பேருந்துக்கு நடந்த நேரமும் காத்திருந்த நேரமுமே அதிகம். நாங்கள் இருந்த வீடு ஊரின் உட்புறத் தெருவில் இருந்தது. நெடுஞ்சாலை நிறுத்தத்துக்கு 15 நிமிட நடை. அதன்பின் காத்திருப்பு.

காத்திருப்பைப் பற்றி ஒரு சிறு கணிதத்தை இங்கே விளக்குதல் பொருந்தும். மணிக்கு இரண்டு பேருந்துகள் வரும் ஒரு நிறுத்தம் இருப்பதாகக் கொள்வோம். அவை சரியாக 30 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், நினைத்த நேரத்தில் வந்து நிற்பவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வந்து, ஓர் இடைவெளி 10 நிமிடமாகவும் மற்றது 50 நிமிடமாகவும் ஆகிவிட்டால்? இப்போதும் மணிக்கு இரண்டு பேருந்துகள்தாம். ஆனால் ஆறு பயணிகளில் ஐவர் அந்த 50 நிமிட இடைவெளியில்தான் வந்து நிற்பார்கள். அவர்களுடைய சராசரிக் காத்திருப்பு 25 நிமிடம். ஒருவரே 10 நிமிட இடைவெளியில் வருவார்; அவருக்கு 5 நிமிடம். மொத்தச் சராசரி கிட்டத்தட்ட 22 நிமிடம் ஆகிறது. பேருந்துகளின் எண்ணிக்கை குறையாமலே காத்திருப்பு மட்டும் ஏழு நிமிடம் கூடிவிடுகிறது!

'எனக்கு மட்டும் ஏன் எப்போதும் பஸ் தாமதமாகவே வருகிறது?' என்று நண்பர்கள் நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது அவர்கள் தலையெழுத்து அன்று, கணக்கு. ஆகவே, ஓர் ஊரில் வீடு பார்க்கும்போது 'எத்தனை பஸ் ஓடுகிறது?' என்று கேட்டால் போதாது. 'காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் எந்தெந்த நேரத்தில் வருகிறது?' என்று கேட்க வேண்டும்.

எந்தப் பேருந்து என்பதும் முக்கியம். நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் பேருந்துகள் ஓயாமல் போவதுபோல் தோன்றும். அவற்றில் பல எக்ஸ்பிரஸ். சிற்றூர்களில் நில்லாமல் போய்விடும். மாணவர் பயண அட்டையும் மகளிர் சலுகையும் எல்லாப் பேருந்திலும் செல்லமாட்டா. ஆகவே, ஓடும் பேருந்துகள் பலவானாலும், நமக்கு உரியவை சிலவே. டவுன் பஸ்ஸில் அம்மா காசு கொடுப்பதில்லை. ஆனால் அது வரும்வரை நின்றுகொண்டிருக்கிறார். விலையில்லாப் பயணத்துக்கும் காத்திருப்பு என்ற ஒரு விலை உண்டு. அதே வேளையில், அச்சலுகை இல்லாதிருந்தால் அம்மாவின் தையற்கூலியில் ஒரு பகுதி பேருந்துக்கே போயிருக்கும் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது.

கடைசிப் பேருந்து

ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்பதைப் பகலில் அளக்கக் கூடாது. இதை ஓர் ஐப்பசி மழையில் நாங்கள் கற்றோம்.

அப்பாவின் ஆலையில் மூன்று ஷிப்டு. வாரம் மாறி மாறி வரும். இரண்டாம் ஷிப்டு இரவு 11 மணிக்கு முடியும். அன்று கடைசி டவுன் பஸ் போய்விட்டது. தென்காசிப் பக்கம் போகும் ஒரு பேருந்தில் ஏறப் போனவரை, "சேத்தூர் நிக்காது" என்று நடத்துநர் இறக்கிவிட்டார். அப்பா நடக்கத் தொடங்கினார். கைபேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டதால் எங்களுக்குச் செய்தி இல்லை. இரவு ஒன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. முழுவதும் நனைந்து நின்றார். அம்மா துண்டை நீட்டினார். அப்பா அதை வாங்கிக்கொண்டு, "பாப்பா படிக்கட்டும்னு லைட்ட அணைக்காம வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். நான் படித்துக்கொண்டிருக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

அன்றிரவு பத்துக் கிலோமீட்டர் என்பது இரண்டு மணி நேரமாக இருந்தது. பகலில் அதே தூரம் அரை மணிக்கும் குறைவு. சாலை நீளவில்லை, பேருந்து இல்லை, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தில் இரவில் வேலை முடிந்து வருபவர் ஒருவராவது இருந்தால், அந்த ஊரின் உண்மையான தூரம் கடைசிப் பேருந்துக்குப் பிறகு உள்ள தூரமே. அதேபோல, அதிகாலையில் செல்பவர் இருந்தால் முதல் பேருந்துக்கு முன்னுள்ள தூரமே.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற தொழிலாளரிடம் அவர்கள் வேலைக்குச் செல்லும் தூரமும் வழிவகையும் கேட்கப்பட்டன. வீட்டைவிட்டு வெளியே சென்று உழைப்போருள், நடந்து செல்வோரே நாட்டில் அதிகம் என்று அதில் தெரியவந்தது. பேருந்தைப் பற்றிப் பேசும்போது நாம் கால்களை மறந்துவிடுகிறோம். எல்லாப் பேருந்துப் பயணமும் நடையில் தொடங்கி நடையில்தான் முடிகிறது.

ஊரை மாற்றாமல் வீட்டை மாற்றியது

இரண்டாம் ஆண்டு முடிவில் குடும்பமாக உட்கார்ந்து பேசினோம். மீண்டும் இராஜபாளையம் போகலாம் என்றேன் நான். மாதம் 2500 கூடுதல் வாடகை தாங்காது. மேலும் அம்மாவின் ஒரு மணி நேரம் போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூரையும் பார்த்தோம். கல்லூரிக்கு எனக்கு வசதி. அப்பாவுக்குச் சேத்தூரைவிடச் சற்றே கூடுதல் தூரம். அம்மாவோ வேலையை விட வேண்டியதுதான். ஒருவருடைய வசதிக்காக இன்னொருவருடைய வேலையை விற்பது முறையன்று. அம்மா விடுவதாகவே சொன்னார். அப்பா சம்மதிக்கவில்லை. எனக்கு அப்போது சிறிது வருத்தமாகவும், பிறகு மிகுந்த நிம்மதியாகவும் இருந்தது.

அப்போதுதான் நோட்டு உதவியது. இழக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஓட்டத்தில் இல்லை, நடையிலும் காத்திருப்பிலும்தான் இருக்கிறது என்றால், மாற்ற வேண்டியது ஊரை அல்ல, தெருவை. நெடுஞ்சாலை நிறுத்தத்துக்கு 3 நிமிட நடையில் ஒரு வீடு 4200 ரூபாய்க்குக் கிடைத்தது. வாடகை 700 ரூபாய் கூடுதல். ஒரு நடைக்கு 12 நிமிடம், நாளுக்கு 24 நிமிடம் மிச்சம். என் 22 நாள், அப்பாவின் 26 நாள், அம்மாவின் 24 நாள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 29 மணி நேரம். 700-ஐ 29-ஆல் வகுத்தால் மணிக்கு 24 ரூபாய். 31 ரூபாய்க்கு விற்ற நேரத்தை 24 ரூபாய்க்குத் திரும்ப வாங்கினோம்! வாணிகத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?

மேலும், நிறுத்தம் அருகில் இருப்பதால் பேருந்து வரும் நேரம் பார்த்து இறங்க முடிகிறது. எனவே காத்திருப்பும் குறைந்தது. சாலையோர வீட்டில் இரவெல்லாம் லாரிச் சத்தம் கேட்கிறது, புழுதியும் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் ஷிப்டு வாரங்களில் அப்பா, அதே ஷிப்டில் உள்ள சேத்தூர்க்காரர் இருவருடன் சேர்ந்து சைக்கிளில் வருகிறார். துணைக்கு ஆள் உண்டு. ஆனாலும் வாசலில் மணிச்சத்தம் கேட்கும்வரை அம்மா படுப்பதில்லை. அந்த விழிப்பை எந்தப் பத்தியில் எழுதுவது என்று என் கணக்கு நோட்டுக்குத் தெரியவில்லை.

வீடு தேடுவோர்க்குச் சில குறிப்புகள்

எங்கள் அனுபவத்திலிருந்து நண்பர்களுக்குப் பயன்படக் கூடியவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன்.

ஒன்று: குடும்பத்தில் வெளியே செல்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தூரத்தை எழுதுங்கள். வாடகை கொடுப்பவர் ஒருவர் என்பதற்காகத் தூரத்தையும் அவர் ஒருவரை வைத்தே அளக்காதீர்கள்.

இரண்டு: வாடகையோடு பேருந்துக் கட்டணத்தையும், மின்கட்டணத்தையும், தண்ணீர்ச் செலவையும் கூட்டிப் பாருங்கள். சில வீடுகளில் தனி மீட்டர் இராது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் கணக்கிடுவார். குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த நேரத்தில் தண்ணீர் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். காலை எட்டு மணிக்குத் தண்ணீர் வந்தால், எட்டு மணிப் பேருந்தில் செல்பவருக்கு அது வராததற்குச் சமம்.

மூன்று: முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை நாளில், நீங்கள் செல்ல வேண்டிய அதே நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வீடு பார்த்தால் எல்லா ஊரும் பக்கமாகவே தெரியும்.

நான்கு: முதல் பேருந்து, கடைசிப் பேருந்து இரண்டின் நேரத்தையும் கடைக்காரரிடம் கேளுங்கள். தேநீர்க் கடைக்காரருக்குத் தெரியாத பேருந்து இல்லை.

ஐந்து: வாய்ப்பேச்சோடு விடாமல் ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கள். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்பதை அதில் தெளிவாக எழுதியிருந்தால், எங்களைப்போல் ஆடிக்கு அஞ்சி அவசரப்பட்டு வீடு பிடிக்க நேராது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், வீட்டு வாடகை என்பது வீட்டின் விலை மட்டும் அன்று, அது இருக்கும் இடத்தின் விலையும் ஆகும் என்பதும், குறைந்த வாடகையின் மறுபக்கத்தை யாரோ ஒருவர் தம் நேரத்தால் செலுத்துகிறார் என்பதும் விளங்கும். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் வீட்டில் குரல் குறைந்தவராக இருக்கிறார். எங்கள் வீட்டில் அது முதலில் நானாக இருந்தேன். நான் பேசியபோது கேட்டார்கள். எல்லா வீட்டிலும் அப்படி என்று சொல்வதற்கில்லை. பேருந்து ஒத்துவரவில்லை என்ற ஒரே காரணத்தால் படிப்பை நிறுத்திக்கொண்ட தோழி ஒருத்தி என் வகுப்பிலேயே இருந்தாள். அவளுடைய மதிப்பெண்கள் என்னுடையவற்றைவிட உயர்ந்தவை.

நம் கல்லூரியில் விடுதியில் தங்காமல் நாள்தோறும் ஊரிலிருந்து வந்துபோகும் மாணவ மாணவியர் பலர். நாம் ஒவ்வொருவரும் நம் வழித்தூரத்தை ஒரு மாதம் நோட்டில் எழுதினால், எந்த வழித்தடத்தில் எந்த நேரத்தில் பேருந்து தேவை என்பது தெளிவாகிவிடும். 'பஸ் விடுங்கள்' என்ற மனுவைவிட, 'இந்த நிறுத்தத்தில், இந்த நேரத்தில், இத்தனை பேர் நிற்கிறோம்' என்ற மனு வலிமை வாய்ந்தது. பொருளியல் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் இதைக் கையில் எடுத்தால் நன்மை விளையும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள். முதல் மணியில் கதவருகே தயங்கி நிற்கும் மாணவியைக் கண்டால், 'ஏன் தாமதம்?' என்பதோடு 'எந்த பஸ்?' என்றும் கேளுங்கள். அன்று என்னைக் கேட்ட பேராசிரியர், பின்னர் என் நோட்டை வாங்கி முழுவதும் படித்தார். இக்கட்டுரையை எழுதச் சொன்னவரும் அவரே.